ஸ்டாம்ப் அட்டையில் மேல்பூச்சு போட்டால் மை ஏன் கலங்குகிறது, எப்படித் தடுப்பது

கேள்வி இது. ஒருவர் ரப்பர் ஸ்டாம்ப் குத்தி வாழ்த்து அட்டை செய்கிறார். கறுப்பு மையில் ஒரு பூங்கொத்து, அதன் கீழே ஒரு வரி வாழ்த்து. ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, விரலால் தொட்டு, மை ஒட்டவில்லை என்று பார்த்த பிறகுதான் மேலே பளபளப்பான வார்னிஷைப் பிரஷ்ஷால் பூசியிருக்கிறார். பூசப் பூசக் கோடுகள் கலங்கி, வெள்ளை அட்டை சாம்பல் நிறமாகிவிட்டது. 40 அட்டைகளில் 3 போயின. மிச்சம் 37 குத்தி முடித்துத் தயாராக இருக்கின்றன. "இன்னும் எத்தனை நாள் காயவிட வேண்டும்?" என்று கேட்கிறார்.

எத்தனை நாள் விட்டாலும் பயன் இருக்காது. அவர் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது தண்ணீரில் கரையும் மை. ஒரு மாதம் கழித்துப் பூசினாலும் இதே மாதிரிதான் கலங்கும்.

காய்வது வேறு, கரையாமல் போவது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் இத்தனை அட்டைகளைக் கெடுக்கிறது. வாட்டர்கலர் பெட்டியில் இருக்கும் கட்டிகளைப் பாருங்கள். வருடக்கணக்கில் காய்ந்து கல்லாகக் கிடக்கும். ஈரப் பிரஷ்ஷை ஒரு முறை தேய்த்தால் உடனே நிறம் விடும். ஸ்டாம்ப் மையில் பல வகைகள் அப்படித்தான். ஈரம் போனது மட்டும்தான் நடந்திருக்கும். சாயம் அப்படியே இருக்கும், தன்னைக் கரைக்கும் திரவம் மறுபடி வந்தால் கிளம்பிவிடும்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இந்த மையை எது கரைக்கும்? அது என் மேல்பூச்சில் இருக்கிறதா? இருந்தால் கலங்கும். இல்லையென்றால் கலங்காது. மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான்.

மை வகைகளைப் பார்ப்போம். டை இங்க் என்பது சாயம் தண்ணீரில் முழுக்கக் கரைந்திருக்கும் மை. தாளுக்குள் ஊறி, சில நிமிடங்களில் காய்ந்துவிடும். அதனால் எல்லோருக்கும் பிடிக்கும். மெமென்டோ என்ற பெயரில் விற்கும் மை இந்த வகை. ஆல்கஹால் மார்க்கரால் (ஆல்கஹாலில் கரைந்த சாயம் உள்ள வண்ணப் பேனா) மேலே வண்ணம் தீட்டினால் அசையாது, தண்ணீர் பட்டால் கரையும். டிஸ்ட்ரெஸ் இங்க் இன்னும் ஒரு படி மேலே. தண்ணீர் பட்டால் ஓட வேண்டும் என்றே செய்யப்பட்ட மை அது. அதன் மேல் தண்ணீர் கலந்த வார்னிஷ் பூசிவிட்டு மையைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

பிக்மென்ட் இங்க் வேறு மாதிரி. அதில் நிறம் கரைந்திருப்பதில்லை, நுண்ணிய துகள்களாக மிதக்கிறது. மை தாளின் மேலேயே தங்கும், மெதுவாகக் காயும். வழவழப்பான தாளில் சூடு காட்டாவிட்டால் நாள் கணக்கில் ஈரமாகவே நிற்கும். காயாத பிக்மென்ட் மை கரைந்து ஓடுவதை விட, பிரஷ் இழுக்கும் பக்கம் ஈஷிக்கொண்டு போவதுதான் அதிகம். இங்கேதான் காயவிடும் நேரம் உண்மையிலேயே உதவும். வெர்சாஃபைன் எண்ணெய் சேர்ந்த பிக்மென்ட் மை. நன்றாகக் காய்ந்த பிறகு தண்ணீருக்கு அசையாது, மெல்லிய கோடுகளும் சுத்தமாக விழும்.

ஸ்டேஸ்ஆன் போன்ற சால்வென்ட் (கரைப்பான்) மைகள் கண்ணாடி, பிளாஸ்டிக், உலோகம் எல்லாவற்றிலும் பிடிப்பவை. தண்ணீர் அவற்றை ஒன்றும் செய்யாது, ஆல்கஹால் செய்யும். ரேஞ்சர் நிறுவனத்தின் ஆர்க்கைவல் இங்க்கும் காய்ந்தபின் தண்ணீருக்கு அசையாது, ஆனால் ஆல்கஹால் மார்க்கரை மேலே ஓட்டினால் கோடு கலையும். 'நீர் புகாத மை' என்று டப்பாவில் போட்டிருப்பதை எதற்கும் கரையாத மை என்று படித்துவிடக் கூடாது.

மேல்பூச்சுக்கும் இதே கணக்குத்தான். பிரஷ்ஷால் பூசும் வெள்ளைப் பசை மாதிரியான பூச்சுகள் (மாட் பாட்ஜ் எல்லோருக்கும் தெரிந்த பெயர்), அக்ரிலிக் மீடியம், குமிழ் மாதிரி எழும்பி நிற்கும் கிளாஸி பசைகள் எல்லாம் தண்ணீர் கலந்தவை. பிரஷ்ஷைத் தண்ணீரில் கழுவலாம் என்று டப்பாவில் போட்டிருந்தால் அது தண்ணீர்ப் பூச்சு. அவ்வளவு எளிது. டப்பாவை அழுத்தி அடிக்கும் அக்ரிலிக் ஸ்ப்ரேக்களில் பெரும்பாலானவை அசிட்டோன் போன்ற கரைப்பான் சேர்ந்தவை. தண்ணீர் மைக்கு இவை பெரும்பாலும் தொந்தரவு தராது. சால்வென்ட் மையையும் ஆல்கஹால் மார்க்கர் வண்ணத்தையும் இவை நனைத்து ஓடவைக்கக்கூடும்.

சரி, மைப் பேடின் மேல் பெயரே இல்லை, அல்லது பெயர் இருந்தும் என்ன வகை என்று தெரியவில்லை என்றால்? சோதித்துப் பார்ப்பதுதான் வழி. பெயர் தெரிந்தாலும் நான் சோதிக்காமல் பூசுவதில்லை. அதே அட்டையின் வெட்டுத் துண்டு ஒன்றில் அதே மையால் இரண்டு முறை குத்தி ஒரு நாள் விடுங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சி ஒன்றைத் தண்ணீரில் நனைத்து, ஒரு பதிவின் மேல் 10 விநாடி அழுத்தாமல் வையுங்கள். பிறகு வெள்ளை டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். இன்னொரு பதிவில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் அதையே செய்யுங்கள். ஆல்கஹாலுக்குப் பதிலாகக் கைக்குப் போடும் சானிடைசரை எடுக்காதீர்கள். அதில் தண்ணீரும் இருப்பதால், எது கரைத்தது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போகும்.

டிஷ்யூவில் நிறம் வந்ததா என்று மட்டும் பார்க்காமல், பதிவின் ஓரத்தையும் கூர்ந்து பாருங்கள். கறுப்பு டை இங்க் மேல் தண்ணீர்ச் சொட்டு விழுந்தால் அது கறுப்பாகப் பரவுவதில்லை. கோட்டை ஒட்டிச் சாம்பல், அதற்கு வெளியே ஊதா, ஈரம் நின்ற விளிம்பில் மெல்லிய நீல வளையம் என்று பிரியும். கறுப்பு என்பது பல சாயங்களின் கலவை. தாளின் நார்களுக்குள் தண்ணீர் ஏறும்போது ஒவ்வொரு சாயமும் ஒவ்வொரு வேகத்தில் கூடப் போகிறது. பள்ளிக்கூடத்தில் வடிதாளை வைத்துச் செய்யும் குரோமடோகிராஃபி இதுதான். இப்படிப் பொருள்களைப் பிரிக்கும் முறை ஒன்றுக்காக ஆர்ச்சர் மார்ட்டினும் ரிச்சர்ட் சிங்கும் 1952-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்கள். உங்கள் அட்டையில் ஊதா விளிம்பு தெரிந்தால் ஐயமே வேண்டாம், அது தண்ணீரில் கரையும் சாயம். பிக்மென்ட் மை கலைந்தால் இப்படி நிறம் பிரிவது அபூர்வம். அதே நிறத்தில் அழுக்காக இழுபடும்.

தண்ணீருக்குக் கலைந்து ஆல்கஹாலுக்குக் கலையவில்லை என்றால் ஸ்ப்ரே. ஆல்கஹாலுக்குக் கலைந்து தண்ணீருக்குக் கலையவில்லை என்றால் பிரஷ்ஷால் பூசும் தண்ணீர்ப் பூச்சு. இரண்டுக்கும் அசையவில்லையென்றால் உங்கள் விருப்பம். இரண்டுக்குமே கலைந்தால் அந்த அட்டையில் எந்தத் திரவமும் படாமல் இருப்பதே நல்லது. அதற்கான வழியைக் கீழே சொல்கிறேன்.

கடைசியாக, பூசப்போகும் பொருளையே அந்தத் துண்டில் பூசிப் பார்த்துவிடுங்கள். ஆல்கஹாலுக்கு அசையாத மையும் அசிட்டோனுக்கு அசையலாம். பஞ்சுக் குச்சி வழி காட்டும், தீர்ப்பு அந்தப் பூச்சிடம்தான்.

சூடு காட்டுவது பற்றி ஒரு வார்த்தை. ஹீட் கன் (சூடான காற்றை ஊதும் கருவி) பிடித்தால் மை 'செட்' ஆகிவிடும், அப்புறம் எதைப் பூசினாலும் கசியாது என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். பிக்மென்ட் மைக்கு இது பெரும்பாலும் உண்மை. சாதாரண டை இங்க்குக்கு இது பொருந்தாது. சூட்டில் தண்ணீர் சீக்கிரம் போகும், அவ்வளவுதான், சாயத்தின் கரையும் குணம் மாறாது. பிக்மென்ட் மைக்குச் சூடு காட்டும்போது ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே இருங்கள். அட்டை வளைய ஆரம்பித்தால் திருப்பிப் போட்டு அடியிலிருந்து காட்டுங்கள்.

இனி ஸ்ப்ரே. இதில் கை பழகுவதற்கு முன்னால் எல்லோரும் செய்யும் தவறு, முதல் தடவையே முழுக்க நனைய அடிப்பது. நானும் செய்திருக்கிறேன். 12 அட்டைகளை வரிசையாக வைத்துக் குனிந்து, கிட்டத்தில் பிடித்து, பளபளவென்று வரும்வரை அடித்தேன். அடித்த நொடியில் அழகாக இருந்தது. 2 நிமிடம் கழித்துப் பார்த்தால் ஒவ்வொரு இலையின் பச்சையும் கோட்டைத் தாண்டி வெளியே வந்து நின்றது. அந்தப் பச்சை ஆல்கஹால் மார்க்கர். பூச்சு குளம் மாதிரி தேங்கியதால் வண்ணத்துக்கு நீந்திப்போக நேரம் கிடைத்துவிட்டது.

அதனால் முதல் கோட்டிங் பனி விழுந்த மாதிரி இருந்தால் போதும். டப்பாவை 25 முதல் 30 செ.மீ. தள்ளிப் பிடியுங்கள். அட்டைக்கு வெளியே அழுத்த ஆரம்பித்து, அட்டையைக் கடந்து, மறுபக்கம் வெளியே போன பிறகு விரலை எடுங்கள். அட்டையின் மேல் அழுத்தத் தொடங்கினால் முதல் துப்பலில் பெரிய சொட்டுகள் விழும். தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் தனித்தனிப் புள்ளிகளாகத் தெரிய வேண்டும், ஈரப் பளபளப்பு தெரியக் கூடாது. அந்தப் புள்ளிகள் தாளைத் தொடும்போதே பாதி காய்ந்துவிடுவதால் கரைப்பதற்கு நேரம் இல்லை. 10, 15 நிமிடம் விட்டு அடுத்தது. இப்படி 3 மெல்லிய கோட்டிங் போனபின் மை ஒரு தோலுக்குள் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். பளபளப்பு வேண்டுமென்றால் அதற்கு மேல் கொஞ்சம் தாராளமாக அடிக்கலாம்.

மழை நாளில், காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும் நேரத்தில் ஸ்ப்ரே வேண்டாம். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது தாளின் பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, பூச்சு பால் மாதிரி வெளுத்துவிடும். கறுப்புக் கோட்டின் மேல் அந்த வெண்மூட்டம் நன்றாகவே தெரியும். அடிக்கும் இடம் காற்றோட்டமாக இருக்கட்டும், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று முக்கியம்: ஸ்ப்ரே அடித்த இடத்தில் ஹீட் கன்னை ஓட்டாதீர்கள். அந்த ஆவி தீப்பிடிக்கக்கூடியது. அவசரத்தில் இதைச் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அட்டையை விடக் கை பெரிது.

தலைமுடிக்கு அடிக்கும் ஹேர் ஸ்ப்ரேயை இதற்குப் பதிலாக அடிக்கலாமா என்று நிச்சயம் யாராவது கேட்பார்கள். வேண்டாம். அதில் ஆல்கஹால் உண்டு, காய்ந்தபிறகும் பிசுபிசுக்கும், தூசியைப் பிடிக்கும், நாளாவட்டத்தில் மஞ்சளாகும்.

பிரஷ்ஷால் பூசும் கண்ணாடி மாதிரிப் பரப்புதான் பிடிக்கிறது, ஆனால் மை டை இங்க் என்றால், இரண்டையும் சேர்த்துச் செய்யலாம். முதலில் மேலே சொன்ன மெல்லிய ஸ்ப்ரே கோட்டிங் 3. ஒரு நாள் காயவிட்டு, அதன் மேல் தண்ணீர்ப் பூச்சு. நடுவில் இருக்கும் அந்தத் தோல்தான் தண்ணீரை மையிடம் போகவிடாமல் நிறுத்துகிறது. அப்போதும் பிரஷ்ஷை எப்படி ஓட்டுகிறோம் என்பது முக்கியம். மென்மையான தட்டைப் பிரஷ் எடுத்து, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஒரே இழுப்பு. போன இடத்துக்குத் திரும்பி வரக் கூடாது. முடி விழுந்திருக்கிறது, ஒரு குமிழ் நிற்கிறது என்று கை தானாகத் திரும்பப் போகும். அதை அடக்குங்கள், அந்தக் குமிழ் தானே உடையும், இல்லாவிட்டால் அடுத்த கோட்டிங்கில் மறையும். ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் பிரஷ்ஷின் நுனியை வெள்ளைத் துணியில் ஒற்றிப் பாருங்கள். லேசாகச் சாம்பல் ஒட்டினாலும் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அட்டையில் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே பிரஷ் சொல்லிவிடும்.

இத்தனையிலும் கஷ்டமானது கலப்பு அட்டை. கோடு மெமென்டோ, உள்ளே வண்ணம் ஆல்கஹால் மார்க்கர். ஸ்டாம்ப் குத்தி வண்ணம் தீட்டுகிறவர்கள் அதிகம் செய்வது இதைத்தான். இந்த ஜோடி வண்ணம் தீட்டும்போது ஒன்றுக்கொன்று அழகாக ஒத்துப்போகும். பூச்சுக்கு வரும்போது அதே குணமே எதிரியாகிறது. தண்ணீர்ப் பூச்சு கோட்டைக் கலைக்கும், கரைப்பான் ஸ்ப்ரே வண்ணத்தை ஓட்டும். பனி மாதிரி அடிக்கும் ஸ்ப்ரே சில சமயம் தப்பிக்கும், நூற்றுக்கு நூறு நம்ப முடியாது. இந்த அட்டைகளுக்கு நான் திரவப் பூச்சையே விட்டுவிட்டேன். ஒரு நிறமற்ற பிளாஸ்டிக் தாளை அட்டை அளவுக்கு வெட்டி, முன்பக்கத்தில் நான்கு மூலையிலும் இரட்டைப் பக்க ஒட்டும் டேப்பால் பொருத்துகிறேன். மூலைகளை ஒரு மெல்லிய சட்டத்தால் மறைத்துவிட்டால் கண்ணாடி போட்ட படம் மாதிரி இருக்கும். அல்லது அட்டையை அப்படியே நிறமற்ற உறைக்குள் போட்டுக் கொடுக்கலாம். சூடு இல்லாமல் ஒட்டும் லேமினேஷன் ஃபிலிமும் உதவும், அது தட்டையான அட்டைக்கு மட்டும். மேலே ஒட்டிய பூ, முத்து இருந்தால் ஒத்துவராது.

எல்லா அட்டைக்கும் பூச்சு தேவையா என்றும் ஒரு முறை யோசியுங்கள். உறைக்குள் போய், கையில் எடுத்துப் படித்து, அலமாரியில் நிற்கப்போகும் அட்டைக்கு எதுவுமே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். நல்ல தாளின் சொரசொரப்பை வார்னிஷ் மூடிவிடும். பலர் கை மாறும் அட்டை, புத்தகக் குறி, பரிசுப் பொட்டலத்தில் கட்டும் சீட்டு இவற்றுக்குப் பூச்சு நியாயம்.

எம்பாஸிங் பவுடர் இன்னொரு நல்ல வழி, அது தொடக்கத்திலேயே முடிவு செய்ய வேண்டியது. மெதுவாகக் காயும் பிக்மென்ட் மையால் குத்தி, ஈரமாக இருக்கும்போதே நிறமற்ற பவுடரைத் தூவி, உதறி, சூடு காட்டினால் பவுடர் உருகிக் கோட்டின் மேலேயே மூடியாக உட்கார்ந்துவிடும். கோட்டுக்குத் தனிக் கவசம் கிடைக்கிறது, தாள் தாளாகவே இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த முறை இதுதான். ஏற்கெனவே டை இங்க்கில் குத்திய அட்டையின் மேல் நிறமற்ற எம்பாஸிங் பேடைத் தேய்த்துப் பவுடர் போடப் பார்க்காதீர்கள். பேடின் ஈரம் சாயத்தை எடுத்து, பேடையும் கறையாக்கிவிடும்.

கையால் எழுதிய வரி, பிரின்டரில் அடித்த வாசகம் இருந்தால் அவற்றையும் கணக்கில் எடுங்கள். ஜெல் பேனா எழுத்து பிரஷ்ஷுக்கு அடிக்கடி இழுபடும். மை தெளிக்கும் இங்க்ஜெட் பிரின்டர்களில் சாய மை போட்டவை தண்ணீருக்குக் கலங்கும். லேசர் பிரின்ட் தண்ணீருக்கு அசையாது. அது சூட்டில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக் தூள். ஆனால் அசிட்டோன் நிறைய பட்டால் அதுவும் இளகும்.

இனி அந்த 37 அட்டைகளுக்கு வருகிறேன். கறுப்புக் கோடு மட்டும், மார்க்கர் வண்ணம் இல்லை என்று அவர் சொல்லியிருக்கிறார், அது நல்லதாகப் போயிற்று. கெட்டுப்போன 3-இல் கலங்காத ஒரு மூலையையோ, அதே மையில் குத்திய வேறு துண்டையோ எடுத்து, மெல்லிய ஸ்ப்ரே 3 முறை, ஒரு நாள் இடைவெளி, அதன் மேல் கையில் இருக்கும் அதே வார்னிஷ். பிரஷ் நுனி வெள்ளையாகவே இருந்தால் 37-க்கும் அதையே செய்யலாம், முதல் நாள் 5 அட்டைகளோடு நிறுத்திக்கொண்டு. சாம்பல் ஒட்டினால் வார்னிஷை மறந்துவிட்டு ஸ்ப்ரேயோடு முடித்துக்கொள்ளுங்கள்.

கலங்கிய 3 அட்டைகளை ஈரத் துணியால் துடைக்காதீர்கள், இன்னும் பரவும். தட்டையாக வைத்து முழுக்கக் காயவிடுங்கள். பிறகு பூங்கொத்தை மட்டும் அதன் விளிம்பை ஒட்டிக் கத்தரித்து எடுத்துவிட்டால் சாம்பல் படிந்த பின்னணி போய்விடும். மங்கிய கோடுகளை நீர் புகாத பிக்மென்ட் மைப் பேனாவால் மேலே ஒரு முறை வரைந்து, புதிய அட்டையில் ஒட்டுங்கள். வார்னிஷ் பூசிய பரப்பில் பேனா வழுக்கினால், நுனியை அழுத்தாமல் சின்னச் சின்ன இழுப்புகளாக வரையுங்கள், ஒவ்வொன்றும் காய ஒரு நிமிடம் கொடுத்து.